வாசகர் கேள்வி, அக்கா பதில்: இந்த மாசம் முழுக்கப் பேர்சி ஜாக்சன்

போன இதழில "லீவுக்கு என்ன வாசிச்சனீங்கள்?" எண்டு ஒரு வரி கேட்டிருந்தன். மல்லாவி, துணுக்காய், விசுவமடு, புதுக்குடியிருப்பு, நெடுங்கேணி எண்டு எல்லாப் பக்கத்தாலயும் கடிதம் வந்திருக்கு, அதில கனபேர் எழுதினது ஒரே பெடியனைப் பற்றித்தான். பேர்சி ஜாக்சன். தெரியாத ஆக்களுக்கு ரெண்டு வசனம்: நியூயோர்க்கில இருக்கிற 12 வயசுப் பெடியன், பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமா கலைச்சு விடுபடுறவன், ஒரு நாள் தன்ர தகப்பன் கிரேக்கக் கடல் கடவுள் பொசைடன் எண்டு அறியிறான். ரிக் ரயோர்டன் எழுதினது, முதல் புத்தகம் 2005இல வந்தது, அஞ்சாவது 2009இல வந்து அந்தக் கதை முடிஞ்சுது, ஆனால் பேர்சி முடியேல்லை, இன்னும் வந்து கொண்டுதான் இருக்கிறான். இந்த முறை வேற கேள்வி ஒண்டுமில்லை, எல்லாம் அவனுக்குத்தான்.

கேள்வி: அக்கா, மகன் ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடப் புத்தகத்தைத் தொட்டால் நித்திரை வருது, இந்த மொத்தப் புத்தகத்தை மட்டும் இரவிரவா வாசிச்சுத் தனியச் சிரிக்கிறான். வாசிப்புக் குறைஞ்ச பிள்ளை எண்டு சின்ன வகுப்பில சொன்னவை. ஓ எல் வருது, பறிச்சு வைக்கட்டோ? (ஒரு தாய், விசுவமடு)

பதில்: பறிக்காதேங்கோ தங்கச்சி. இந்தக் கதை எப்பிடிப் பிறந்ததெண்டு சொல்லுறன், பிறகு நீங்களே யோசியுங்கோ. எழுதின மனுசன் அமெரிக்காவில ரெக்சாஸ் பக்கம் சான் அன்ரோனியோவில வாத்தியாரா இருந்தவர். அவற்ற மகனுக்கு டிஸ்லெக்சியா, அதாவது எழுத்து குழம்பி வாசிக்கக் கஸ்டப்படுற சிக்கல், அதோட ஒரு இடத்தில குந்தியிருக்க ஏலாத ஏடிஎச்டியும் இருக்கெண்டு கண்டுபிடிச்சினம். பெடியனுக்குப் பிடிச்சது கிரேக்கப் புராணம், அதால தகப்பன் இரவில படுக்கேக்க அந்தக் கதையளைச் சொல்லிச் சொல்லி வர, ஒரு கட்டத்தில சொல்ல வேற கதை இல்லாமல் போச்சு, அப்ப மகன் கேட்டானாம் அதே ஆக்களை வச்சுப் புதுசாச் சொல்லுங்கோ எண்டு. அப்பிடிச் சொன்னதுதான் பேர்சியின்ர கதை, எழுதி வையுங்கோ எண்டு கேட்டதும் அந்த மகன்தான்.

அதாலதான் பேர்சிக்கும் அதே ரெண்டு சிக்கலும் இருக்கு. ஆனால் கதையில அதுக்கு ஒரு காரணம் வைச்சிருக்கிறார் பாருங்கோ: எழுத்து மிதக்கிறது ஏனெண்டால் அவன்ர மூளை பழைய கிரேக்க மொழி வாசிக்கப் பிறந்த மூளை, ஒரு இடத்தில இருக்க ஏலாதது ஏனெண்டால் சண்டைக்களத்தில உயிர் தப்புறதுக்கு அந்தத் துடிப்பு வேணும். இது வைத்தியம் இல்லை, கதைதான், அது எனக்கும் தெரியும் உங்களுக்கும் தெரியும். ஆனால் "மொக்கு" எண்டு பேர் வாங்கின ஒரு பிள்ளை அந்தப் பக்கத்தை வாசிக்கேக்க அதின்ர நெஞ்சுக்குள்ள என்ன நடக்கும் எண்டு நினைச்சுப் பாருங்கோ. வாசிப்புக் குறைவு எண்டு சொன்ன பிள்ளை நானூறு பக்கம் கிட்ட வாசிக்குது தங்கச்சி, அதுவும் இங்கிலீசில! படிப்புக்கு ஒரு நேரம் கட்டுங்கோ, போனை வேணுமெண்டால் வாங்கி வையுங்கோ, இதை விட்டு விடுங்கோ. அதோட ஒண்டு, உங்கட மகனுக்கும் எழுத்து உண்மையாவே குழம்புதோ எண்டு ஒருக்கா மெதுவாக் கேளுங்கோ, கேட்டுப் போட்டு பள்ளிக்கூடத்தில விசேட கல்வி தெரிஞ்ச ரீச்சரோட கதையுங்கோ. சோம்பல் எண்டு அடி வாங்கின பிள்ளையளில எத்தினை பேருக்கு இந்தச் சிக்கல் இருந்திருக்கும் எண்டு நினைச்சால் எனக்கு மனசு ஆறுதில்லை.

கேள்வி: அக்கா எனக்கு இங்கிலீஸ் பெரிசா ஓடாது, ஆனால் வகுப்பில எல்லாரும் பேர்சியைப் பற்றித்தான் கதைக்கினம். நான் எப்பிடி வாசிக்கிறது? (பத்தாம் வகுப்பு மாணவி, மல்லாவி)

பதில்: தனிய வாசிக்காதேங்கோ, அதுதான் முதல் விசயம். ரெண்டு மூண்டு பேராச் சேருங்கோ, ஒராள் சத்தம் போட்டு வாசிக்க மற்ற ஆக்கள் கேளுங்கோ, விளங்காத சொல்லுக்கெல்லாம் டிக்சனரி பாக்க வெளிக்கிட்டால் பத்தாம் பக்கத்தோட களைச்சுப் போவியள், அதால விட்டிட்டு ஓடுங்கோ, அந்தச் சொல்லு முக்கியமெண்டால் திருப்பி வரும். இந்தத் தொடரில உங்களுக்கு ஒரு வசதி இருக்கு, கதையைச் சொல்லுறது பேர்சிதான், 12 வயசுப் பெடியன் சினேகிதனோட கதைக்கிற மாதிரித்தான் முழுக்க இருக்கும், சின்னச் சின்ன வசனம். முதல் அதிகாரத்தின்ர தலைப்பே தான் தெரியாத்தனமாக் கணக்கு ரீச்சரை ஆவியாக்கிப் போட்டன் எண்டுதான் சொல்லுது, கணக்குப் பாடத்தில கஸ்டப்பட்ட எந்தப் பிள்ளை அதுக்குப் பிறகு புத்தகத்தைக் கீழ வைக்கும்? பகிடியைப் பிடிக்கத் தொடங்கினியள் எண்டால் இங்கிலீஸ் தானா வரும். பரீட்சைக்குப் படிக்கிற இங்கிலீசை விட இது கூட நாள் நிக்கும் எண்டதில எனக்குச் சந்தேகமே இல்லை.

கேள்வி: பிள்ளை, பேத்தி வாசிக்கிற புத்தகத்தைப் பற்றிக் கேட்டன். சாமியள் மோட்டச்சைக்கிள் ஓடுதாம், கோலா குடிக்குதாம். எந்தச் சமயத்துச் சாமி எண்டாலும் சாமி சாமிதானே, இப்பிடிப் பகிடி பண்ணலாமோ? (ஓய்வுபெற்ற ஒரு ஐயா, முள்ளியவளை)

பதில்: ஐயா, நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. பேத்தி சொன்னது சரிதான், போர்க் கடவுள் ஏரிஸ் மோட்டச்சைக்கிளில வாறார், கடவுளுகள் இருக்கிற ஒலிம்பஸ் மலை இப்ப நியூயோர்க்கில எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின்ர 600ஆம் மாடியில இருக்கு, கீழ நிக்கிற காவலாளி அப்பிடி ஒரு மாடியே இல்லையெண்டு சொல்லுறார், செத்த ஆக்களை ஆத்தைக் கடத்திற கேரன் லொஸ் ஏஞ்சல்சில நல்ல இத்தாலிக் கோட்சூட் போட்டுக்கொண்டு எனக்குச் சம்பளம் காணாது எண்டு நிக்கிறார். திராட்சை ரசத்தின்ர கடவுள் டயோனைசசுக்குத்தான் பெரிய பாடு. தண்டனையா அவரை, கடவுளுக்கும் மனுசருக்கும் பிறந்த பிள்ளையளின்ர முகாமுக்குப் பொறுப்பா விட்டிருக்கு, ரசம் தொடக்கூடாது, அதால டயட் கோக் குடிச்சுக்கொண்டு இருக்கிறார், பேர்சியின்ர பேரையும் ஒவ்வொருக்காலும் பிழையாத்தான் கூப்பிடுவார்.

ஆனால் ஐயா, எங்கட பக்கத்தை ஒருக்கா யோசியுங்கோ. சுந்தரர் சிவனோட சண்டை பிடிச்ச மாதிரி ஆர் பிடிச்சது? பித்தா எண்டு கூப்பிட்டவரைத் தம்பிரான் தோழர் எண்டுதான் வச்சுக் கும்பிடுறம். காளமேகப் புலவர் வைஞ்சு வைஞ்சே துதிச்சவர், நிந்தாஸ்துதி எண்டு அதுக்குப் பேரும் குடுத்து வச்சிருக்கிறம். மாம்பழத்துக்கு அண்ணனும் தம்பியும் போட்டி போட்டு ஒருத்தர் கோவிச்சுக்கொண்டு மலையேறின கதையைக் கோயில் வீதியில இருந்துதானே பிள்ளையளுக்குச் சொல்லுறம். கிட்டத்து ஆளோடதான் பகிடி விடலாம், பயந்த ஆளோட விட ஏலாது. இந்தப் புத்தகத்தில பகிடிக்கு ஆளாகிறது கடவுள்தன்மை இல்லை ஐயா, பிள்ளையைப் பெத்துப் போட்டுத் திரும்பிப் பாக்காத பெரிய ஆக்களின்ர பெருமைதான். பேத்தியை வாசிச்சுக் காட்டச் சொல்லிக் கேளுங்கோ, நீங்களும் சிரிப்பியள்.

கேள்வி: அக்கா, எல்லாரும் சிரிக்கிற புத்தகம் எண்டு சொல்லிச்சினம், நான் அழுதுபோட்டன். 11ஆம் குடிலில தகப்பன் ஆரெண்டு தெரியாத பிள்ளையள் நிலத்தில படுக்கிற இடம். நான் அம்மம்மாவோட வளருறனான். எனக்கு ஏன் அப்பிடி வந்தது எண்டு சொல்லுவியளோ? (பேர் வேண்டாம், புதுக்குடியிருப்பு)

பதில்: உங்கட கடிதத்தை நான் கன தரம் வாசிச்சன் பிள்ளை. மற்ற ஆக்களுக்கும் விளங்கச் சொல்லுறன்: அந்த முகாமில ஒவ்வொரு கடவுளுக்கும் ஒரு குடில், அந்தந்தக் கடவுளின்ர பிள்ளையள் அங்க. தாயோ தகப்பனோ "இது என்ர பிள்ளை" எண்டு அடையாளம் காட்டாத பிள்ளையளுக்கு இடமில்லை, அவை எல்லாரும் ஹேர்மிஸ் எண்ட கடவுளின்ர 11ஆம் குடிலுக்குள்ள நெருங்கி, பாயை விரிச்சு நிலத்தில. சிலருக்கு அந்த அடையாளம் வரவே வராது. ரயோர்டன் அதையும் பகிடியோடதான் சொல்லிக்கொண்டு போறார், ஆனால் அந்தக் குடிலுக்குள்ள ஒரு கோபம் வளருது, அஞ்சு புத்தகத்தின்ர சண்டைக்கும் அடியில கிடக்கிறது அந்தக் கோபம்தான்.

நீங்கள் அழுதது புத்தகத்தைச் சரியா வாசிச்சபடியால். எங்கட பக்கத்தில தகப்பன் எங்கயெண்டு தெரியாமல் வளர்ந்த பிள்ளையள் எத்தினை, 2017 மாசியில கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில காணாமல் போன ஆக்களின்ர படத்தோட குந்தின தாய்மாரும் அம்மம்மாமாரும் எத்தினை வருசமாக் கேக்கினம். ஆனால் ஒரு விசயத்தை மட்டும் பிரிச்சு வச்சுக் கொள்ளுங்கோ பிள்ளை, அது முக்கியம். அந்தக் கடவுளுகள் ஏலுமா இருந்தும் வராத ஆக்கள். எங்கட வீடுகளில அப்பிடியில்லை, வரவேண்டாம் எண்டு நினைச்சு ஆரும் வராமல் விடேல்லை. அந்தக் கோபத்தை உங்கட அப்பாவில போட்டு விடாதேங்கோ.

கடைசிப் புத்தகம் வாசிக்காத ஆக்கள் இந்தப் பந்தியைத் தாண்டிப் போங்கோ, ஏனெண்டால் முடிவைச் சொல்லப் போறன். சண்டை முடிஞ்ச பிறகு கடவுளுகள் பேர்சிக்குச் சாகாவரம் தாறம் எண்டு சொல்லினம். அவன் வேண்டாம் எண்டுறான். அதுக்குப் பதிலா அவன் கேக்கிறது, எல்லாப் பிள்ளையளையும் அவைக்கு 13 வயசாக முதல் நீங்கள் உங்கட பிள்ளையள் எண்டு ஏற்றுக்கொள்ள வேணும், சின்னக் கடவுளுகளின்ர பிள்ளையளுக்கும் குடில் வேணும், சத்தியம் பண்ணுங்கோ எண்டு. எனக்கு இந்தத் தொடரில ஆகப் பிடிச்ச இடம் அதுதான். அந்த இடத்தை அம்மம்மாவுக்குத் தமிழில சொல்லிக் காட்டுங்கோ.

கேள்வி: பேர்சியைப் பாத்து நானும் தங்கச்சியும் நீலச் சாப்பாடு செய்யப் பாக்கிறம். கலர்ப் பவுடர் போட அம்மா விடுறா இல்லை. (ரெண்டு சகோதரியள், துணுக்காய்)

பதில்: அம்மா சொல்லுறது சரி, பவுடர் வேண்டாம், வேலியில படர்ந்து பூக்கிற நீலச் சங்குப்பூ காணும். பச்சைக் காம்பைக் கிள்ளிப் போட்டு இதழை மட்டும் கொதிதண்ணியில போட்டு மூடி வையுங்கோ, கொஞ்ச நேரத்தில மை மாதிரி இறங்கும். வடிச்ச தண்ணியில உப்புப் போட்டுப் புட்டுக்கு மாக் குழையுங்கோ. சிவப்பரிசி மாவில நிறம் தெரியாது, வெள்ளைப் பச்சையரிசி மாவில செய்யுங்கோ, தேங்காய்ப்பூ வெள்ளையா இடையில விழ வடிவா இருக்கும். எலுமிச்சம்புளி பட்டால் ஊதாவா மாறிப்போகும், கவனம்.

மற்ற வாசகர்மாருக்கு: நீலச் சாப்பாடு எண்டு ஒண்டு உலகத்தில இல்லை எண்டு பேர்சியின்ர தாய் ரெண்டாந்தரம் கட்டின ஆள் சொல்ல, தாய் சலி அண்டு தொடக்கம் கேக்கிலயிருந்து இனிப்பு வரைக்கும் எல்லாத்தையும் நீலத்தில தேடித் தேடிக் குடுப்பா. அந்த ஆள் வீட்டை ஆட்டிப் படைக்கிற ஆள், சத்தம் போட்டுச் சண்டை பிடிக்க ஏலாத ஒரு பொம்பிளை சாப்பாட்டில தன்ர எதிர்ப்பைக் காட்டுறா, பிள்ளையும் அதை விளங்கிக்கொண்டு சாப்பிடுறான். பகிடிக்குள்ள இப்பிடி ஒண்டை ஒளிச்சு வைக்கிறதுக்கு எழுத்துக்காரனுக்குப் பொம்பிளையளின்ர வாழ்க்கை விளங்கியிருக்க வேணும்.

கேள்வி: படம் நல்லமோ தொடர் நல்லமோ? (மாங்குளம்)

பதில்: 2010இலயும் 2013இலயும் வந்த ரெண்டு படத்தையும் விடுங்கோ, 12 வயசுப் பெடியனை வளர்ந்த ஆளாக்கினதோட பகிடி போச்சு. டிஸ்னி பிளசில 2023 மார்கழியில தொடங்கின தொடர் பிள்ளையளின்ர வயசிலயே இருக்கு, ரயோர்டனும் கூட நிண்டு செய்தவர். ஆனால் புத்தகத்துக்குப் பிறகு பாருங்கோ.

கேள்வி: அக்கா உங்களுக்கு ஆரைப் பிடிக்கும்? எனக்கு குரோவர். (ஏழாம் வகுப்பு, நெடுங்கேணி)

பதில்: தகர டின்னைக் கடிச்சுத் தின்னுற ஆட்டுக்கால் சினேகிதனை ஆருக்குத்தான் பிடிக்காது தம்பி. எனக்கு அனபெத். அறிவுக் கடவுள் அதீனாவின்ர மகள், சிலந்தியைக் கண்டால் மட்டும் நடுங்குவாள். அவளுக்குக் கட்டடக்கலையில பைத்தியம், இடிஞ்சு போகாத ஒண்டைத் தான் கட்டவேணும் எண்டு ஆசை, கடைசியில இடிஞ்ச ஒலிம்பசைத் திருப்பிக் கட்டுற பொறுப்பு அவளுக்குத்தான் வருது. இடிஞ்ச சுவருக்குப் பக்கத்தில தறப்பாளுக்குள்ள இருந்து புதுவீட்டுக்கு அத்திவாரம் வெட்டினதைப் பாத்து வளர்ந்த எங்கட பெட்டையளுக்கு அவளைப் பற்றி நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

கேள்வி: எங்கட ஊரை வச்சு இப்பிடி ஒரு கதை எழுத ஆசை. ஆனால் கிரேக்கம் மாதிரி எங்களிட்ட என்ன இருக்கு? (ஏ எல் மாணவன், ஒட்டுசுட்டான்)

பதில்: என்ன இருக்கோ! ஒட்டுசுட்டானில இருந்து கொண்டு இதைக் கேக்கலாமோ தம்பி. கற்சிலைமடுவில பண்டாரவன்னியன் கல்லு உங்களுக்குக் கிட்ட, 1803இல முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடிச்ச மனுசன். அதை விடுங்கோ, வற்றாப்பளைக் கதையை எடுங்கோ. மதுரையை எரிச்சுப் போட்டு வந்த கண்ணகி நந்திக்கடல் கரையில ஒரு ஆச்சியா வந்து, மாடு மேய்ச்ச பெடியளிட்டப் பசிக்குது எண்டாவாம். பெடியள் புக்கை பொங்கிக் குடுத்தாங்களாம். பொழுதுபட விளக்கு வையுங்கோடா எண்டு சொல்ல, எண்ணெய் இல்லையெண்டாங்களாம், கடல் தண்ணியை ஊத்திக் கொளுத்துங்கோ எண்டாவாம், கொளுத்த எரிஞ்சுதாம். பிறகு தலை கடிக்குது பேன் பாருங்கோ எண்டு தலையைக் குடுக்க, மயிரை விலக்கிப் பாத்தால் தலை முழுக்கக் கண்! இண்டைக்கும் வைகாசிப் பொங்கலுக்குச் சிலாவத்தைத் தீர்த்தக்கரையில கடல் தண்ணி எடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகரிட்ட வச்சு உப்புத்தண்ணியில விளக்கெரிச்சுத்தானே வற்றாப்பளைக்குக் கொண்டு போகினம்.

இப்ப அதை ரயோர்டன் செய்யிற வழியில பாருங்கோ. அவர் செய்யிறது என்னெண்டால், பழைய ஆளை இண்டையான் இடத்தில ஒரு சாதாரண வேலையில விடுவார், பயங்கரமான விசயத்தைச் சலிச்சுக் கொள்ளுற பெடியன்ர வாயால சொல்லுவிப்பார், பகிடி முடியிற இடத்தில உண்மையான ஆபத்தை வைப்பார். உங்கட பெடியன் ரியூசன் முடிஞ்சு வாறான், பஸ் இல்லை, றோட்டுக்கரையில ஒரு ஆச்சி போன் சார்ச் போட்டுத் தா எண்டு கேக்கிறா, கறண்ட் இல்லை எண்டுறான், உந்த உப்புத் தண்ணிக்குள்ள வயரை விடு எண்டுறா. முறிகண்டிப் பிள்ளையாரடியில கடலை விக்கிற ஆள் ஏ9இல போற வாற எல்லா வாகனத்தையும் கணக்கு வச்சிருக்கிறார், ஏனெண்டு கேளுங்கோ. கதை தானா நடக்கும்.

நந்திக்கடல் எண்டு எழுதினவுடன 2009 வந்து நிக்கும், அந்தக் கரையில நிண்டு பகிடிக் கதை எழுதலாமோ எண்டு நீங்கள் தயங்குவியள், தயங்கவும் வேணும். செத்த ஆக்களை வச்சுப் பகிடி வேண்டாம். ஆனால் அந்த மண்ணில இப்ப பிறந்து வளருற பிள்ளையளுக்குச் சிரிக்க உரிமை இருக்கு, அந்தக் கரைக்கு அந்த ஒரு வருசம் மட்டும்தான் கதை எண்டு விட்டிடக் கூடாது, கண்ணகி அதுக்கு முதலே அங்க இருக்கிறா. அதோட, எங்கட பக்கத்துப் புராணத்தை இப்பிடி எழுத ஏலாது எண்டு ஆரும் சொன்னால் ரொஷானி சொக்‌ஷியின்ர ஆரு ஷா தொடரைக் காட்டுங்கோ, 2018இல ரயோர்டன் தன்ர பேரில தொடங்கின வெளியீட்டில வந்த முதல் புத்தகம், பாண்டவர் அமெரிக்காவில பெட்டையளாப் பிறக்கினம். எழுதி எங்களுக்கு அனுப்புங்கோ, நல்லா இருந்தால் இந்தப் பக்கத்திலயே போடுறன்.

கேள்வி: புத்தகம் எங்க எடுக்கிறது அக்கா, விலையைப் பாத்தால் தலை சுத்துது. (தருமபுரம்)

பதில்: புதுசு வாங்கிறதெண்டால் செப்டெம்பரில கொழும்பு பிஎம்ஐசிஎச் (பண்டாரநாயக்க மாநாட்டு மண்டபம்) வளவில நடக்கிற புத்தகக் கண்காட்சிக்குப் போற ஆரிட்டையும் காசு குடுத்து விடுங்கோ, கழிவு கிடைக்கும். அதுக்கு முதல் பள்ளிக்கூட நூலகத்திலயும் பொது நூலகத்திலயும் பேரை எழுதிக் குடுத்துக் கேளுங்கோ, கேக்கிற ஆள் இருந்தால்தான் அவையும் எடுப்பினம், பத்துப் பேர் சேர்ந்து ஒரே கடிதமாக் குடுத்தால் இன்னும் நல்லம். அஞ்சு பேர் ஆளுக்கொரு பாகம் வாங்கி மாத்தி மாத்தி வாசிக்கிறதும் நடக்கும். பக்கத்தை மட்டும் மடிக்காதேங்கோ.

கேள்வி: அஞ்சும் முடிஞ்சுது, இப்ப வெறுமையா இருக்கு. அடுத்தது எது? (கிளிநொச்சி)

பதில்: அதே ஆக்களோட ஹீரோஸ் ஒஃப் ஒலிம்பஸ், 5 புத்தகம், 2010 தொடக்கம் 2014 வரைக்கும், பகிடி கொஞ்சம் குறைவு, ஆக்கள் கூட. எகிப்துச் சாமியள் வேணுமெண்டால் கேன் குரோனிக்கிள்ஸ் 3, வடதேசத்து தோரும் லோக்கியும் வேணுமெண்டால் மக்னஸ் சேஸ் 3. உங்களுக்குப் பகிடிதான் வேணுமெண்டு கடிதத்திலயே தெரியுது, அதால ஒலிம்பஸ் 5ஐயும் முடிச்சிட்டு நேர அப்பலோ எண்ட கடவுளின்ர தொடருக்குப் போங்கோ, 2016 தொடக்கம் 2020, அதுவும் 5. கடவுளுகளின்ர ராசா சியூஸ் கோவத்தில அப்பலோவின்ர சக்தியெல்லாத்தையும் பறிச்சு, முகம் முழுக்கப் பருவோட 16 வயசு மனுசப் பெடியனா நியூயோர்க்கில ஒரு குப்பைத் தொட்டிக்குள்ள விழுத்தி விடுறதிலதான் தொடங்குது.